சைக்கிள் அய்யகாரு

"இனிமேல் ரோட்டில் எவனையும் திட்டமாட்டேன்!" என்று இயேசுதாசன் சபதம் எடுத்தபோது, அவர் இன்னும் திட்டி முடித்திருக்கவில்லை.

வீட்டுக்குள் வந்தபோது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான். சித்தூர் காந்தி சிலை அருகே ஒரு கார் நின்றிருந்தது. பின்னால் சைக்கிள் வருகிறதா யானை வருகிறதா என்று பாராமல், அதன் கதவைப் படாரென்று திறந்துவிட்டான் ஒருவன். திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு வேலூருக்குத் திரும்புகிற ஆள். தலையில் சந்தனம்கூடக் காயவில்லை. இயேசுதாசன் மயிரிழையில் தப்பினார். எதிராளியிடம் அந்த இழையும் இல்லை. தப்பியவர் அங்கேயே காலை ஊன்றி நின்று அவனைத் திட்டினார், அவன் அப்பாவைத் திட்டினார், தாத்தா வரைக்கும் போனார். வீட்டுக்கு வந்த பிறகும் கொள்ளுத்தாத்தா பாக்கி இருந்தார்.

"முடிஞ்சிதா?" என்றாள் தபீதாள். அவருடைய மனைவி. தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல!"

"சீக்கிரம் முடிங்க. ஆயரு போன் பண்ணாரு."

கொள்ளுத்தாத்தா தப்பித்தார்.

"ஆயரா? இன்னா சொன்னாரு?"

"பெரிய வெள்ளிக்கிழமைக்கு ஒங்களுக்குத்தான் மொத வார்த்தையாம்."

இயேசுதாசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் ஆயர் நடத்தும் தமிழ்ச் சபைக் கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை நடக்கும். சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் ஏறிப் பேசுவார்கள். நாலாவது வார்த்தைக்குப் பாதி சனம் தூங்கும். ஆறாவதுக்கு உபவாசக்காரர்களின் வயிறு பேசும். சபை முழுசாக விழித்திருப்பது முதல் வார்த்தைக்குத்தான். அந்த வார்த்தை கைக்கு வர அவர் எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறார்.

"இன்னொண்ணும் கேட்டாரு," என்றாள் தபீதாள். "'காந்தி செலகிட்ட யாரோ ஒருத்தர் கத்திக்கினு இருந்தாரு, நம்ம சகோதரர் மாதிரியே இருந்துதே'ன்னாரு."

"ஐயோ! நீ இன்னா சொன்னே?"

"ஹெல்மெட்டு போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க ஐயான்னேன். மொத வார்த்தை எதப் பத்திங்க?"

"மன்னிப்பப் பத்தி."

"யார மன்னிக்கறது?"

"தெரியாம தப்பு பண்றவங்கள."

"அந்த மொட்ட, கதவத் தெரிஞ்சி தெறந்தானா, தெரியாம தெறந்தானா?"

இயேசுதாசன் ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே ஆவி பறந்தது.

அவரைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. அவர் அரசாங்க அலுவலகமொன்றில் சீனியர் அசிஸ்டெண்ட். ஆபீசில் அவர் குரல் பக்கத்து மேசைக்குப் போய்ச் சேராது. வீட்டில் அவருக்குக் குரல் என்று ஒன்று இருப்பதற்கு அத்தாட்சியே கிடையாது. சர்க்கரை ஏறியிருக்கிறது, மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லப்போய் சைக்கிள் வாங்கினார். ஏறி உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, இத்தனை வருஷம் செலவழியாத குரலெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறதென்று. இண்டிகேட்டரை வலது பக்கம் போட்டுவிட்டு இடது பக்கம் திரும்புகிறவர்கள், ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிக்கொண்டு பேசுகிறவர்கள், ஓடும் பஸ்ஸிலிருந்து எச்சில் துப்புகிறவர்கள், எல்லாருக்கும் அந்தக் குரலை வாரி வழங்கினார். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதல்லவா!

"இன்னிக்கி சாம்பல் புதன்," என்றாள் தபீதாள். "லெந்து நோம்பு பொறந்துடுச்சி. அவனவன் கறிய விடறான், டீய விடறான். நீங்க இத விடுங்களேன்."

அப்போதுதான் அந்தச் சபதம் பிறந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை.

"பெரிய வெள்ளி வரைக்கும் ஒருத்தன ஒரு வார்த்த திட்டனேன்னு வெச்சிக்கோ, அந்த மொத வார்த்தைய நீயே பேசிக்கோ!"

தபீதாளின் கையில் பூண்டு நின்றது.

"நெசமாவா?"

"நெசமா."

அவளுக்கும் ஒரு பழைய ஆசை உண்டு. ஒவ்வொரு வருஷமும் பெண்களுக்கு மூன்றாம் வார்த்தைதான் வரும். தாயைப் பற்றியது. பெண்பிள்ளைகள் வேறு எதைப் பற்றிப் பேசிவிடப் போகிறார்கள் என்று கமிட்டியின் எண்ணம். 'மன்னிப்பப் பத்திப் பேச இந்த ஊர்ல என்னவிட யாருக்குத் தகுதி கீது? இவுரோட இத்தன வருஷம் குடும்பம் நடத்திக்கினு கீறேன்' என்று தபீதாள் மாதர் சங்கத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறாள்.

"மனசுக்குள்ள திட்டனா?" என்று கேட்டாள்.

சீனியர் அசிஸ்டெண்ட் விழித்துக்கொண்டார். "மனசு கணக்குல வராது. வாயில வர்றதுதான் கணக்கு."

"சரி. வாயில வர்றதுதான் கணக்கு," என்றாள் தபீதாள். சொன்ன கையோடு ஆயருக்குப் போன் போட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டாள். இனிமேல் பின்வாங்கவும் வழியில்லை.

முதல் சில நாட்கள் இயேசுதாசன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கரும்பு டிராக்டர் ஒன்று அவரை ஓரத்துச் சாக்கடை வரைக்கும் ஒதுக்கிவிட்டுப் போனது. வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் கேன் வண்டி திடீரென்று நின்றது. மூடிக்கொண்டார். வந்த வார்த்தையை எல்லாம் விழுங்கி விழுங்கி, சாப்பாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. சட்டைப் பித்தான் தெறிக்கிற மாதிரி நெஞ்சு விம்மியது. சர்க்கரை இறங்கியது, பிரஷர் ஏறியது.

இதில் கங்கையா வேறு. கங்கையா ஆட்டோக்காரன். கிரீம்ஸ்பேட்டை முனையில் நிற்பான். ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் ஒரு சவாரி கையை அசைத்தால் போதும், முன்னும் பார்க்கமாட்டான், பின்னும் பார்க்கமாட்டான், அப்படியே குறுக்கே திருப்புவான். திருப்புகிற இடத்தில் தினமும் சொல்லி வைத்தாற்போல இயேசுதாசன் வந்து சேருவார்.

ஒருநாள் காலை கங்கையா திருப்பிய திருப்பில், ஆட்டோவின் பின்பக்கம் அவருடைய முழங்காலைத் தடவிவிட்டுப் போனது. இயேசுதாசனுக்குள் இருந்த அணை உடைந்தது. "வண்டியாடா ஓட்டறே?" என்று கேட்பதற்காக வாயைப் பிளந்து, "வண்..." வரைக்கும் வந்துவிட்டார். அந்த நொடியில் எதிரே ஸ்கூட்டியில் சபீனா. பக்கத்து வீட்டுக்காரி. தபீதாளின் காது.

"வண்... வந்தனாலூ!"

தெலுங்குக் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் கண்டால் கைகூப்பிச் சொல்கிற வார்த்தை அது. நம்முடைய ஸ்தோத்திரம் மாதிரி. அதைத்தான் அவர் கண்கள் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, முஷ்டியை உயர்த்தி, அந்த முனையே அதிரும்படி சொல்லியிருந்தார்.

கங்கையா பிரேக் போட்டான். தலையை வெளியே நீட்டினான். கைகூப்பினான். "வந்தனாலு அய்யகாரு!" அய்யகாரு என்றால் அந்தப் பக்கத்தில் போதகர். சபீனாவும் சிரித்துவிட்டுப் போனாள்.

இயேசுதாசன் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். உடம்பு லேசாக இருந்தது. நெஞ்சில் இருந்த பாரம் முழுவதும் இறங்கியிருந்தது. குரல் அதே குரல், கோபம் அதே கோபம். வாயில் வந்தது மட்டும் ஆசீர்வாதம். வாயில் வருவதுதானே கணக்கு!

"தபீதா, ஒனக்கு மூணாவது வார்த்தைதாண்டி!" என்று ஒரு எருமையிடம் சொல்லிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே ஆபீஸ் போனார்.

அன்றிலிருந்து சித்தூர் ரோடுகளில் ஆசீர்வாதம் இடியாக இறங்கியது. சின்னத் தப்புக்கு ஒரு வந்தனாலு. இண்டிகேட்டர் தப்புக்கு நீட்டி ஒரு வந்ந்ந்தனாலு. பஸ் உரசினால் பல்லைக் கடித்துக்கொண்டு, "தேவுடு மிம்மல்னி தீவிஞ்சுனு காக!" கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று அர்த்தம். அவர் சொன்ன தொனியில் கேட்டால், நாசமாய்ப் போகட்டும் என்றிருக்கும். தப்புச் செய்கிறவர்கள் எங்கே என்று தேடிக்கொண்டு போகிற அளவுக்கு அவருக்கு உற்சாகம் முற்றியது. ஒழுங்காக ஓட்டுகிறவர்களைக் கண்டால் ஏமாற்றமாக இருந்தது.

ஆனால் சனங்கள் தொனியையா பார்க்கிறார்கள்? மொட்டைகள் காருக்குள்ளிருந்து கும்பிட்டார்கள். ஒரு காய்கறிக்காரம்மா குறுக்கே வந்ததற்கு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, மூட்டுவலிக்கும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டாள். கங்கையாவுக்குத்தான் தினப்படி. அதுவும் பெரிசு, நீட்டு, முஷ்டியோடு. அவன் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது.

வீட்டில் தபீதாள் தினமும் கேட்பாள், "இன்னிக்கி எப்படி?"

"ஒருத்தரையும் ஒண்ணும் சொல்லல. எல்லாரையும் ஆசீர்வதிச்சிக்கினே வந்தேன்."

"நல்லதுங்க," என்பாள். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இராது. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். இருபது வருஷ அனுபவம் இருந்தும் பயப்படவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, மன்னிப்பைப் பற்றிக் கை வீசிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்.

பெரிய வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேண்ட்டும் இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் ஹேங்கரில் தொங்கின. இயேசுதாசன் தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள் தபீதாள், "கங்கையா வந்திருந்தாரு."

உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

"எந்த... எந்தக் கங்கையா?"

"ஆட்டோ கங்கையா. அவரு வண்டியிலதான மார்க்கெட்டுக்குப் போய் வந்துகினு கீறேன், லெந்து ஆரம்பிச்சதுலேர்ந்து. சைக்கிள் அய்யகாரு, சைக்கிள் அய்யகாருன்னு ஒரே பெருமை. தெனம் காலையில ஒரு மகான் நெத்தி நரம்பு பொடைக்க ஆசீர்வாதம் பண்றாராம். அதுக்கப்புறம் வண்டிக்கு ஓய்வே இல்லியாம், அவ்ளோ சவாரி. 'அவ்ளோ பக்தியா யாரும் ஆசீர்வதிச்சிப் பாத்ததே இல்லம்மா'ன்னாரு. மஞ்ச சட்ட, நீல ஹெல்மெட்டு, லேசா தொப்பன்னு அடையாளம் வேற சொன்னாரு. எங்க ஊட்டுக்காரருதான்னேன்."

"அப்ப ஆரம்பத்துலேர்ந்தே தெரியுமா ஒனக்கு?"

"இன்னா தெரியும்?"

இயேசுதாசன் பேச்சை மாற்றினார். "சரி, இப்ப எதுக்கு வந்தான்?"

"புது ஆட்டோ எடுத்துக்கீறாரு. நாளைக்கிக் காலையில காணிப்பாக்கம் புள்ளையார் கோயில்ல பூஜை. அது முடிஞ்சதும் நீங்க வந்து கைய வெச்சி ஜெபம் பண்ணணுமாம். எலுமிச்சம்பழம் ஒரு பக்கம், அய்யகாரு ஒரு பக்கம், ரெண்டு பக்கமும் காபந்துன்றாரு. நல்ல மனுஷன்."

"நாளைக்கா? நாளைக்கு எப்படிப் போறது? சாயங்காலம் போறேன்னு சொல்லு."

"சொன்னேங்க. மூணு மணிக்கு எமகண்டம் பொறந்துடுமாம்."

"காலையில?"

"பூஜை முடிஞ்சி வர பத்தர ஆயிடும். அப்புறம் பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்."

"சனிக்கெழம வெச்சிக்கச் சொல்லு!"

"சனிக்கெழம போய் யாராவது இரும்ப எடுப்பாங்களா? பன்னெண்டு அடிச்சதும் பண்ணிடணுமாம். ஆட்டோ ஸ்டாண்டே காத்துக்கினு கீது. ஷாமியானா கூட போட்டுட்டாங்க."

பன்னிரண்டு. கோயிலில் மணி அடிப்பதும், முதல் வார்த்தைக்கு ஆள் ஏறுவதும் பன்னிரண்டு. இயேசுதாசன் ஹேங்கரைப் பார்த்தார். ஹேங்கர் அவரைப் பார்த்தது.

"நான் ஒண்ணும் அய்யகாரு இல்லடி! அவனுக்குச் சொல்லிடு!"

"அப்புறம் எதுக்கு தெனம் ஆசீர்வாதம் பண்ணீங்க?"

"அது ஆசீர்வாதம் இல்ல, அது..."

நிறுத்தினார். தபீதாள் முகத்தில் அக்கறையைத் தவிர ஒன்றும் இல்லை.

"அது?" என்றாள்.

அது திட்டு என்று சொன்னால் பந்தயம் போயிற்று. முதல் வார்த்தை தபீதாளுக்கு. அது ஆசீர்வாதம்தான் என்றால், பன்னிரண்டு மணிக்குக் கங்கையாவின் ஆட்டோ மேல் கை இருக்க வேண்டும். அப்போதும் முதல் வார்த்தை தபீதாளுக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் இண்டிகேட்டர் அவள் கையில் இருந்தது.

"மனசுல..." என்று முனகினார்.

"மனசு கணக்குல வராதுன்னு நீங்கதான சொன்னீங்க? வாயில ஆசீர்வாதம்தான வந்துச்சி?" தபீதாள் ஹேங்கரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "போட்டுக்கினு போங்க. ஆட்டோக்காரங்களுக்கும் வெள்ளச் சட்ட மரியாதையாத்தான் இருக்கும். ஆயர்கிட்ட நான் சொல்லிட்டேன். 'ஊழியத்துக்குப் போறாரா, தாராளமா போவட்டும்'னாரு. யாராவது பேசணுமேன்னாரு. நான் பாத்துக்கறேன்னேன்."

மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் இயேசுதாசனுக்குக் கிடைத்த மரியாதை, கோயிலில் கிடைத்திருக்காது. பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் துண்டு. புது ஆட்டோ பலூனும் சாமந்தியும் மஞ்சளும் குங்குமமுமாக நின்றது. பின்னால் அவருடைய சைக்கிளுக்கும் யாரோ மரியாதையாக ஒரு மாலை போட்டிருந்தார்கள்.

தூரத்தில் கோயில் மணி அடித்தது.

"அய்யகாரு, மீரே மொதலு பெட்டண்டி," என்று கங்கையா கைகூப்பினான். ஆரம்பியுங்கள் என்கிறான்.

ஆட்டோவின் மேல் கை வைத்தார். தெலுங்கில் அவருக்குத் தெரிந்த ஜெபம் இரண்டே வரி. இரண்டும் ரோட்டில் தேய்ந்து போனவை. அவற்றைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால், ஸ்டாண்டே கண்மூடி நின்றது. இன்னும் வரும் என்று காத்திருந்தது. வேறு வழியில்லை. கண்ணாடி முன்னால் பழகியது வாயில் வந்துவிட்டது. பாதி தமிழ், பாதி தெலுங்கு. தெரியாமல் தப்புச் செய்கிறவர்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குறுக்கே வருகிறவனும் நம் சகோதரன். அவனுக்கும் வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள். அடி வயிற்றிலிருந்து பேசினார். ஆட்டோக்காரர்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. குறுக்கே வருகிறவனை மன்னிக்கச் சொல்லி அவர்கள் சார்பில் பேச, இதுவரை யாருமே வந்ததில்லை. பாலையா என்ற கிழட்டு டிரைவர் மூக்கைச் சிந்தினார். இயேசுதாசனுக்கே கண் கலங்கியது. 'நெசமாவே மன்னிச்சிட்டேன் போலிருக்குதே!' என்று தம்மையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்.

கங்கையா தேம்பிக்கொண்டே புது ஆட்டோவில் ஏறினான். ஸ்டார்ட் செய்தான். முன்னால் எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும். ஆனால் கண்ணில் நீர், புது கியர். முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. வண்டி பின்னால் போனது.

மடக்கென்று ஒரு சத்தம்.

எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. சைக்கிளின் முன்சக்கரம் எட்டாம் நம்பர் போல முறுக்கிக்கொண்டு கிடந்தது. மாலை மட்டும் வாடாமல் அதன்மேல் இருந்தது.

ஸ்டாண்டு உறைந்தது. எல்லாக் கண்களும் அவர்மேல். இப்போதுதானே சொன்னார்! நெற்றி நரம்பு எழும்பியது. கழுத்து நரம்பு எழும்பியது. முஷ்டி தானாக உயர்ந்தது. உள்ளிருந்து கங்கையாவின் கொள்ளுத்தாத்தாவையும் தாண்டி ஏதோ ஒன்று கிளம்பி வந்தது. வாயைத் திறந்தார்.

"வந்... வந்தனாலு."

"வந்தனாலு அய்யகாரு!" என்று ஸ்டாண்டே ஆர்ப்பரித்தது. கங்கையா காலில் விழுந்தான்.

மற்ற ஆட்டோக்களின் மேலும் ஒவ்வொன்றாகக் கை வைக்கச் சொல்லி, மூன்று மணி நெருங்கும்வரை ஸ்டாண்டு அவரை விடவில்லை. பிறகு முறுக்கிய சைக்கிளைப் புது ஆட்டோவின் மேல் கட்டிக்கொண்டு, கங்கையாவே அவரைக் கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்கினான். ஆராதனை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. நடுவில் தபீதாள், வெள்ளைப் புடவையில். மாதர் சங்கம் அவளைச் சூழ்ந்திருந்தது. ஆயர் அவளுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். நாலாவது வார்த்தைக்கு வழக்கமாகத் தூங்குகிறவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எதப் பத்திப் பேசனே?" என்று இயேசுதாசன் ஓரமாக அழைத்துக் கேட்டார்.

"ஒங்களப் பத்தித்தாங்க. பேரு சொல்லல. ரோட்ல தப்பு பண்றவங்களத் திட்டத் தெரியாம ஆசீர்வதிச்ச ஒரு மனுஷன்னு சொன்னேன்."

"யாருக்கும் தெரியலயே?"

"ஹெல்மெட்டுன்னு சொன்னதும் சிரிச்சிட்டாங்க."

அவள் பார்வை ஆட்டோவின் மேல் கட்டியிருந்த சக்கரத்துக்குப் போனது.

"இது இன்னா ஆச்சி?"

சொன்னார். கங்கையா பின்னால் எடுத்தது, மடக்கென்ற சத்தம், எல்லாம் சொன்னார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"வந்தனாலுன்னேன்."

தபீதாள் முகம் மலர்ந்தது. முறுக்கிய சக்கரத்தை ஒரு முறை அன்பாகத் தடவிக் கொடுத்தாள்.

"இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அடுத்த வருஷமும் மொத வார்த்த எனக்குத்தானாம், அதுக்கு வெச்சிக்கறேன்."